தறிக்கும் கண்ணுக்கும் நடுவே

காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் இரண்டு பட்டுக்கடைகளுக்கு நடுவே ஒடுங்கி நிற்கிற கண்ணாடிக் கடையில்தான் கலையரசி வேலை பார்த்தாள். நாற்பது ஊர்களில் கிளை வைத்திருக்கிற கம்பெனி அது. கண்ணைப் பரிசோதித்துப் பவர் எழுதிக் கொடுப்பது அவள் வேலை. எழுதிக் கொடுத்த கையோடு லென்ஸை விற்பதும் அவள் வேலைதான். முதல் வேலைக்காக நான்கு வருஷம் ஆப்டோமெட்ரி படித்திருந்தாள். இரண்டாவது தானாக வந்தது. அதில்தான் பேர் வாங்கினாள்.

தூரமும் கிட்டமும் ஒரே கண்ணாடியில் தெரிகிற ப்ரோக்ரெஸிவ் லென்ஸ்தான் கடையில் விலை கூடிய சரக்கு. அதை விற்பதில் இரண்டு வருஷமாக மண்டலத்தில் அவள் பெயர்தான் முதலில் இருந்தது. மாதக் கடைசியில் கம்பெனியின் வாட்ஸ்அப் குழுவில் அவள் போட்டோ வரும். ஓரிக்கையில் இருக்கிற அவளுடைய அப்பா இளங்கோவன், அந்தப் போட்டோவை உடனே தன் ஸ்டேட்டஸில் வைத்துவிடுவார்.

இளங்கோவனின் அப்பா பாலாற்றங்கரையில் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தே ஓய்ந்துபோனவர். இளங்கோவன் ஜேசிபி ஓட்டக் கற்றுக்கொண்டு அந்த நிலத்தை விட்டு வெளியே வந்தார். அவருடைய மகள் கழுத்தில் அடையாள அட்டை மாட்டிக்கொண்டு ஏசி அறையில் உட்கார்ந்திருந்தாள். நன்றாக வாழ்வது என்றால் என்ன என்று அந்த வீட்டில் யாரும் உட்கார்ந்து பேசியதில்லை. பேசத் தேவையில்லாமல் அந்தப் போட்டோவிலேயே அது தெரிந்தது. கலையரசிக்கும் வேறு மாதிரி தோன்றியதில்லை.

ஒரு புதன்கிழமை காலையில், கடை திறந்து சாமி படத்துக்கு ஊதுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தபோது நீலாம்பாள் வந்தாள். பிள்ளையார்பாளையத்தில் தறி போடுகிறவள், வயது நாற்பத்தெட்டு இருக்கும். போன மாதம் அவளுக்கு ப்ரோக்ரெஸிவ் கண்ணாடி விற்றது கலையரசிதான். நீலாம்பாள் அந்தக் கண்ணாடியை உறையோடு கவுண்டரில் வைத்தாள்.

"இத்த போட்டுக்கினு தறியில ஒக்கார முடியலமா."

கலையரசி அவளை உள்ளே அழைத்துப்போய் மறுபடியும் பரிசோதித்தாள். எழுத்துப் பலகையில் இருந்த கடைசி வரியை நீலாம்பாள் தடுமாறாமல் படித்தாள். கையில் கொடுத்த அட்டையையும் படித்தாள். பவரில் ஒரு குறையும் இல்லை.

"பவர் கரெக்டா தான்மா இருக்குது. புதுசுல அப்டி தான் இருக்கும். பழகிடும்."

"ஒரு மாசமா பழகிக்கினு தான் இருக்கேன். கண்ணு பழகல. கழுத்து வலி தான் பழகிச்சி."

"இன்னும் ரெண்டு வாரம் டைம் குடுங்கம்மா."

நீலாம்பாள் அவளை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை. "நேத்து முந்தானையில நாலு எழ தப்பிப் போச்சி. பிரிச்சி போட ஒரு நாள் ஆச்சி. ரெண்டு வாரம் யார் குடுப்பா எனக்கு?" என்று கேட்டாள். பிறகு எழுந்து போய்விட்டாள். கண்ணாடி கவுண்டரிலேயே கிடந்தது.

அதை உள்ளே எடுத்துவைத்துவிட்டுக் கலையரசி அடுத்த ஆளைப் பார்த்தாள். ஆனால் அன்று முழுக்க அந்த உறை அவள் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. ஒருவர் பரிசோதனையில் தேறிவிட்டு வேலையில் தோற்றால், தப்பு யாருடையது? கல்லூரியில் இதை யாரும் சொல்லிக் கொடுத்த மாதிரி ஞாபகம் இல்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை அவளுக்கு வார விடுமுறை. சோதனை லென்ஸ் பெட்டியையும் அளவெடுக்கிற டேப் ஒன்றையும் பையில் போட்டுக்கொண்டு, பில்லில் இருந்த விலாசத்தைத் தேடிப் பிள்ளையார்பாளையத்துக்குப் போனாள். நீலாம்பாளும் அவள் வீட்டுக்காரரும் ஆளுக்கொரு தறியில் இருந்தார்கள். வாசலில் நிற்கிற பெண் யாரென்று அடையாளம் தெரிந்ததும் நீலாம்பாள், "துட்டு திருப்பிக் குடுக்க வந்தியா?" என்றாள்.

"இல்லக்கா. நீங்க எப்டி ஒக்காந்து நெய்யிறீங்கன்னு பாக்க வந்தேன்."

நீலாம்பாளுக்கு அது விளங்கவில்லை. ஆனாலும் தறிக் குழிக்குள் கால் வைத்து உட்கார்ந்து காட்டினாள். கலையரசி டேப்பை அவள் கண்ணோரம் வைத்து, துணியில் குறுக்கு நூலான ஊடை விழுகிற இடம் வரைக்கும் இழுத்தாள். அறுபத்திரண்டு சென்டிமீட்டர். கடையில் அவள் படிக்கக் கொடுக்கிற அட்டை நாற்பதில் இருக்கும். போதாததற்கு, ப்ரோக்ரெஸிவ் கண்ணாடியில் கிட்டப்பார்வைக்கான இடம் அடியில் சின்னதாக இருக்கும். புத்தகம் படிக்க அது போதும். இவளுக்கோ இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரைக்கும், நாலடி அகலத்துக்குக் கண் ஓடியாக வேண்டும். ஒவ்வொரு தடவையும் மோவாயைத் தூக்கி, கழுத்தைத் திருப்பி, அந்தச் சின்ன இடத்தின் வழியாகத் தேடியிருக்கிறாள். ஒரு மாதம் முழுக்க.

கலையரசிக்கு முகம் சூடானது. சோதனை ஃப்ரேமை எடுத்து அவளுக்கு மாட்டினாள். பவரைக் குறைத்து, ஒரே தூரத்துக்கான சாதா லென்ஸ் ஒரு ஜோடி போட்டாள், பிடிக்கவில்லை. இன்னும் ஒரு படி குறைத்தாள்.

"இப்ப நெய்யுங்கக்கா."

வட்டமான அந்த இரும்பு ஃப்ரேம் மூக்கில் உட்கார்ந்திருக்க, நீலாம்பாள் ஊடை நூல் சுற்றிய நாடாவைத் தள்ளினாள். இரண்டு இழை, மூன்று இழை. முதலில் தயங்கித் தயங்கி விழுந்த தறிப்பலகைச் சத்தம் ஒரு நிமிஷத்தில் சீரானது. பக்கத்துத் தறியில் இருந்த அவள் வீட்டுக்காரர் தன் வேலையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். நீலாம்பாள் நிறுத்தவில்லை. பத்து நிமிஷம் நெய்தாள். பிறகு ஃப்ரேமைக் கழற்றாமலே, "இது எவ்ளோ?" என்று கேட்டாள்.

"அந்தக் கண்ணாடியில பத்துல ஒரு பங்கு வெலகூட ஆவாதுக்கா."

"அப்ப அத்த ஏன் எனக்கு வித்த?"

 கலையரசி பொய் சொல்ல விரும்பவில்லை. "எனக்குத் தெரியலக்கா. உங்க வேல எப்டின்னு நான் கேக்கல," என்றாள்.

திரும்பி நடந்து வரும்போது அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. இரண்டும் ஒரே சமயத்தில் வரும் என்று அவள் நினைத்ததில்லை. வாட்ஸ்அப் குழுவில் போட்டோவுக்குக் கீழே கைதட்டுகிற பொம்மைகளைப் பார்த்து வந்த சந்தோஷம் ஒருநாள் தாங்கும். இது அன்று சாயங்காலமும் இருந்தது, மறுநாள் எழுந்தபோதும் இருந்தது.

கிளை மேலாளர் சத்யராஜ் நல்ல மனுஷன். கண்ணாடியை மாற்றிக் கொடுக்கச் சம்மதித்தார். ஆனால் அடுத்த இரண்டு மாதத்தில் நீலாம்பாளின் பேச்சைக் கேட்டு நெசவாளர்கள் ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். கலையரசி எல்லாரையும் உட்கார வைத்து, என்ன வேலை, எவ்வளவு தூரத்தில் பார்க்கிறீர்கள் என்று விசாரித்தாள். அநேகமாக எல்லாருக்கும் விலை குறைந்த லென்ஸே எழுதினாள். அப்போது அவர் அவளைக் கூப்பிட்டுப் பேசினார்.

"நல்லது தான் பண்ற, நான் இல்லங்கல. ஆனா மண்டலத்துல பதினோராவது எடத்துக்கு வந்துட்ட. மேல கேக்கறாங்க, நான் இன்னா சொல்றது?"

"சார், ஒருத்தர்கூட திருப்பிக் குடுக்க வரல."

"அத்த போடறதுக்கு ரிப்போர்ட்ல எடம் இல்லமா," என்றார் சத்யராஜ். கிண்டலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே வருத்தப்பட்டார்.

அந்த மாதம் வாட்ஸ்அப் குழுவில் வேறு யாரோ ஒருவருடைய போட்டோ வந்தது.  இளங்கோவன் தன் ஸ்டேட்டஸில் ஜேசிபி படம் ஒன்றை வைத்துக்கொண்டார்.

பழைய இரண்டு வருஷப் பேர் அதற்குள் வேலை செய்திருந்தது. கம்பெனி சென்னையில் பயிற்சியாளர் பதவிக்கு அவளைத் தேர்ந்தெடுத்தது. எல்லாக் கிளைகளுக்கும் புதிதாக வருகிறவர்களுக்கு அவள்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும். சம்பளம் இரண்டு பங்கு. இளங்கோவன் அன்று தெருவில் எல்லாருக்கும் மைசூர்பாகு கொடுத்தார். அதே பதவிக்கு விண்ணப்பித்திருந்தவன் கடையில் ஃப்ரேம் பிரிவைப் பார்த்துக்கொண்ட கிறிஸ்டோபர். அவன் கை குலுக்கிவிட்டு நேராகவே சொன்னான்: "எனக்குப் பொறாமையா தான் இருக்குது. ஆனா நீ போறதுல வருத்தம் இல்ல. எப்பவாச்சும் வேணாம்னு தோணுச்சின்னா மொதல்ல எனக்குச் சொல்லு."

கலையரசி ஆசைப்பட்டுத்தான் போனாள். நாற்பது கிளைக்கும் கற்றுக் கொடுத்தால், நாற்பது ஊரில் ஒருவராவது டேப் எடுத்துக்கொண்டு போகமாட்டார்களா என்று மனசுக்குள் ஒரு கணக்கு இருந்தது. வேளச்சேரியில் பெண்கள் விடுதியில் அறை எடுத்தாள். பாடம் நடத்த அவளுக்கு நன்றாக வந்தது. வகுப்பில் சிரிக்க வைத்தாள், கவனிக்க வைத்தாள். சாயங்காலம் கடல் பக்கம் போய் உட்கார்ந்தால், நம் பிழைப்பு பரவாயில்லை என்று தோன்றும். முதல் இரண்டு மாதம் அப்படியே போனது.

மூன்றாவது மாதம் ஒரு வகுப்பில், வாடிக்கையாளர் குறை சொன்னால் என்ன பதில் சொல்ல வேண்டும் என்ற பகுதி வந்தது. கம்பெனி கொடுத்த கையேட்டில் முதல் வரியே 'பழகிவிடும், இரண்டு வாரம் அவகாசம் கொடுங்கள்' என்பதுதான். திண்டிவனத்திலிருந்து வந்திருந்த ஒரு பெண் கை தூக்கினாள்.

"மேடம், ரெண்டு வாரம் கழிச்சும் பழகலன்னா?"

கையேட்டில் அதற்கும் பதில் இருந்தது. இன்னும் இரண்டு வாரம் கேட்க வேண்டும். கலையரசி அந்த வரியைப் பார்த்தாள். இருபது பேர் பேனாவோடு காத்திருந்தார்கள். அவளால் அதை வாயால் சொல்ல முடியவில்லை. "டீ குடிச்சிட்டு வாங்க," என்று வகுப்பை நிறுத்திவிட்டாள்.

அன்றே உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதினாள். வருகிறவர் என்ன வேலை செய்கிறார், எந்தத் தூரத்தில் பார்க்கிறார், எவ்வளவு அகலம் பார்க்கிறார் என்று மூன்றே கேள்வி. அதை எடுத்துக்கொண்டு பயிற்சித் துறைத் தலைவர் அருளிடம் போனாள். அவர் பொறுமையாக இரண்டு தடவை படித்தார்.

"நல்லா இருக்குது கலையரசி. ஆனா ஒரு ஆளுக்கு ஆறு நிமிஷம் கூடும். ஒரு நாளைக்கு ஒரு கடையில முப்பது பேரு, நாப்பது கடை. நீங்களே யோசிங்க."

"சார், அந்த ஆறு நிமிஷம் தான் சார் வேலையே."

அருள் சிரித்தார். அந்தத் தாளை வீணாக்காமல் ஒரு ஃபைலில் வைத்தார். "அடுத்த வருஷம் பாக்கலாம்," என்றார்.

அவர் மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. நாற்பது கடை நடத்துகிறவர் கவலை நாற்பது கடையைப் பற்றித்தான் இருக்கும். விடுதி அறையில் அவள் யோசித்தது வேறு விஷயம். இந்தப் பதவியில் பத்து வருஷம் நன்றாக வேலை செய்தால் அருளின் நாற்காலிக்கு வருவாள். அந்த நாற்காலியில் தான் உட்கார்ந்திருப்பதாக நினைத்துப் பார்த்தாள். ஒன்றும் தோன்றவில்லை. பிள்ளையார்பாளையத்தில் பலகைச் சத்தம் சீரான அந்த நிமிஷத்தை நினைத்துப் பார்த்தாள். உடம்பு தானாக நிமிர்ந்தது. இதில் எது பெரியது என்று மற்றவர்களிடம் கேட்டால் எல்லாரும் நாற்காலியைத்தான் சொல்வார்கள். கேட்க வேண்டியது மற்றவர்களையா என்பதுதான் அவளுக்கு அப்போது எழுந்த கேள்வி.

ஒரு மாதம் அவள் அவசரப்படவில்லை. பயமும் இருந்தது. பெரிய வேலையை விட்டு வந்தவள் என்ற பேர் எளிதில் போகாது. ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் காஞ்சிபுரம் வந்து, சின்னதாகக் கண் மருத்துவமனை நடத்துகிற ஒரு டாக்டரம்மாவைப் பார்த்தாள். வேலை கேட்டாள். கூடவே ஒரு நிபந்தனையும் வைத்தாள்: வாரத்தில் இரண்டு மத்தியானம் ஆட்கள் வேலை செய்கிற இடத்துக்கே போய்ப் பரிசோதிப்பேன். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடியே யோசித்தார். "மூணு மாசம் பாப்போம். சம்பளம் அங்க வாங்கறதுல பாதிகூட வராது, தெரியுமில்ல?" என்றார். தெரியும் என்றாள்.

கிறிஸ்டோபருக்குப் போன் செய்தாள். "மொதல்ல உனக்குச் சொல்றேன்," என்றாள்.  "பைத்தியமா நீ?" என்றான். அப்புறம், "தேங்க்ஸ்," என்றான்.

வீட்டில் சொன்னதுதான் கஷ்டமாக இருந்தது. இளங்கோவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பாதிச் சோற்றில் கை நின்றது.

"யாராச்சும் எதுனா சொன்னாங்களா? ஆபீஸ்ல தொல்லை குடுத்தாங்களா?"

"இல்லபா. நல்லா தான் வச்சிருந்தாங்க."

"அப்புறம் இன்னா? எங்கப்பன் வெயில்ல நின்னான். நான் புழுதியில நின்னேன். நீ நெழல்ல ஒக்காரணும்னு தான் படிக்க வச்சது. இப்ப டேப்ப கையில எடுத்துக்கினு தெருத்தெருவா போவப் போறியா? அந்தத் தெருவுல இருக்கறவங்க உன்ன இன்னா நெனைப்பாங்க?"

கலையரசிக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொண்டாள். அவர் சொல்வதில் தப்பில்லை. அந்த வெயிலை அவள் பார்த்ததில்லை, அவர் பார்த்தவர்.

"தாத்தாவ போன்னு சொன்னாங்க, போனாரு. வேணாம்னு சொல்ல அவரால முடியாது. என்ன யாரும் போன்னு சொல்லலபா. நானே போறேன். அப்டி நானா முடிவு பண்ற எடத்துக்கு என்ன நீ தான் கொண்டாந்து உட்ட. நெழல்ல ஒக்காரவும் என்னால முடியும். வேணாம்னு எழுந்திரிக்கவும் முடியும். அது உன்னால தான் முடிஞ்சிது."

 இளங்கோவன் மீதிச் சோற்றைச் சாப்பிட்டு முடித்துவிட்டுக் கை கழுவப் போனார். ஒரு மாதம் அவளோடு சரியாகப் பேசவில்லை. யாராவது விசாரித்தால், "மெட்ராஸ்ல தான் இருக்கறா, லீவுல வந்துக்கிறா," என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவள் திருத்தவில்லை.

புது வேலையும் எடுத்த எடுப்பில் ஓடிவிடவில்லை. முதல் மாதம் மத்தியான நேரத்தில் அவளை யாரும் உள்ளே விடவில்லை. ஏதோ விற்க வந்தவள் என்று நினைத்தார்கள். தென்னேரியில் தையல் வேலை செய்கிற ஒருவர், அவள் எழுதிக் கொடுத்த கண்ணாடியை இரண்டே நாளில் திருப்பி அனுப்பிவிட்டார். கலையரசி பஸ் பிடித்து மறுபடியும் போனாள். போன தடவை அவர் மிஷின் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தபோது அளந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் தெரிந்தது. மிஷின் ஓடத் தொடங்கியதும் மனுஷன் ஒரு சாண் குனிந்துவிடுகிறார். கேட்டால் அவருக்கே அது தெரியவில்லை. தன் செலவில் லென்ஸை மாற்றிக் கொடுத்தாள். அன்றைக்கு அவள் நோட்டில் எழுதியது ஒரே வரி: 'வேலை ஓடும்போது அள.'

மூன்று மாதம் முடிந்ததும் டாக்டரம்மா அந்தக் கெடுவைப் பற்றிப் பேசவே இல்லை. ஆட்கள் வேலை செய்கிற இடங்களில் புரை விழுந்த கண்ணோடு இருந்த பதினாறு பேரை அவள் கண்டுபிடித்து அனுப்பியிருந்தாள். அவர்களில் பாதிப்பேர், வயசானால் இப்படித்தான் மங்கும் என்று இருந்துவிட்டவர்கள்.

ஒரு வருஷம் கழித்து, கல்யாணப் பட்டு எடுக்கக் குடும்பத்தோடு வந்த கிறிஸ்டோபர் அவளையும் பார்க்க வந்தான். ஆள் பளபளவென்று இருந்தான். அவள் விட்டுவந்த பதவியில் ஏறி, அருளுக்கு அடுத்த இடத்துக்கு வந்துவிட்டான். அம்மாவையும் சென்னைக்கே அழைத்துப் போய்விட்டான். பயிற்சி வகுப்புகளைப் பற்றிப் பேசும்போது அவன் கையெல்லாம் பேசியது. அவன் அந்த வேலையை உண்மையாகவே நேசிக்கிறான் என்பது கலையரசிக்குத் தெரிந்தது. ஊர் கண்ணுக்குத் தெரிகிற வெற்றி என்றால் பொய்யாகத்தான் இருக்கும் என்று இடையில் கொஞ்ச நாள் அவள் நினைத்ததுண்டு. அது அப்படி இல்லை. அவனுக்கு அது மெய்.

"உனக்கு ஒரு நாள்கூட வருத்தம் வரலியா?" என்று கேட்டான்.

"வந்துச்சி. சம்பளத் தேதியில வருது. மழையில பஸ்ஸுக்கு நிக்கறப்ப வருது."

"அப்புறம்?"

"அப்புறம் பஸ் வந்துடுது," என்றாள். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

அவன் போனபிறகு அவள் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அன்று வியாழக்கிழமை. வரதராஜ பெருமாள் கோயில் பக்கத்தில் பூக்கட்டுகிறவர்கள் சிலர் வரச் சொல்லியிருந்தார்கள். அவள் போனபோது நான்கைந்து பெண்கள் மல்லிகையைக் குவித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் இருந்த லோகாம்பாள் என்கிற பெண், அவளைப் பார்த்ததும் நாரைக் கீழே போட்டுவிட்டுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"வாங்க டாக்டரு. எங்க ஒக்காரணும் நானு?"

"நான் டாக்டர் இல்லக்கா. நீங்க எங்கயும் ஒக்கார வேணாம். கட்டிக்கினு இருங்க."

கலையரசி ஈரத் தரையில் ஒரு சாக்கை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள். லோகாம்பாள் கூச்சத்தோடு நாரை எடுத்தாள். முதல் முழம் கோணல்மாணலாக வந்தது. யாரோ கேலி செய்தார்கள். டேப்பை வெளியே எடுக்காமல் கலையரசி காத்திருந்தாள், அந்த விரல்கள் தன்னை மறந்துவிட்டு வேலையில் இறங்கும் வரைக்கும்.